மென்சா சாருக்குக் கிடைத்த இரண்டாவது வேலை

வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு விசாக் காகிதம் பார்க்கும் இந்த வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே யாராவது உங்கள் காதில் இதைப் போட்டிருப்பார்கள்: வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், கேட்காத காகிதத்தை எடுத்து மேசைமேல் வைக்காதீர்கள். எனக்கு இதைச் சொன்னவர் எனக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். பொறுப்பை ஒப்படைத்த அன்று அலமாரிச் சாவியையும் இந்த ஒரு வாக்கியத்தையும் கொடுத்துவிட்டுத் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். நல்ல வாக்கியம்தான், குறை சொல்ல மாட்டேன். ஓய்வு பெறும்வரை அது என்னைக் காப்பாற்றியது. ஒரே ஒரு முறை மட்டும் அதை மீறினேன். அதைத்தான் எழுதச் சொல்லி நச்சரிக்கிறீர்கள். எழுதுகிறேன். நடுவில் இரண்டு வார்த்தை திட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள், பழக்கதோஷம்.

நான் இருந்தது பெங்களூருக்கு வெளியே இருந்த ஒரு சர்வதேசப் பள்ளியில். வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு விசா நீட்டிப்பதிலிருந்து வாடகை வீடு பிடித்து, கேஸ் கனெக்‌ஷன் வாங்கித் தருவதுவரை எல்லாம் என் தலையில்தான். இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த முதல் சில வருஷங்களில் ஊரே வெளிநாட்டுக்காரர்களைத் தேடி அலைந்தது. கால் சென்டர்காரர்களுக்கு ஆங்கில உச்சரிப்பு சொல்லித்தர ஆள் வேண்டும், சாஃப்ட்வேர் கம்பெனிக்கு ஜப்பான் மொழி சொல்லித்தர ஆள் வேண்டும், ஓட்டலுக்குப் பியானோ வாசிக்க ஆள் வேண்டும். பள்ளி விட்டதும் கேட்டுக்கு வெளியே கார் நிற்கும். எங்கள் ஆசிரியர்களும் பாவம், "சாயங்காலம் சும்மாதானே இருக்கிறோம்" என்று ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். நான் பின்னாலேயே ஓடிப்போய் இறக்கிவிடுவேன்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வேலை விசா என்பது ஆளுக்குக் கொடுப்பது அல்ல. இந்த ஆள், இந்த நிறுவனத்தில், இந்த வேலை பார்க்கலாம் என்று மூன்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பது. வேறு இடத்தில் இன்னொரு வேலை பார்க்க வேண்டுமென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். "நான் சம்பளம் வாங்கவில்லையே" என்பதும் செல்லாது. பிடிபட்டால் நீட்டிப்பு கிடையாது, மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மென்சா சார் கானா நாட்டுக்காரர். மேல்வகுப்புகளுக்கு இயற்பியல் எடுத்தார். நல்ல உயரம், மெதுவான பேச்சு. மனைவியும் மகளும் உடன் வந்திருந்தார்கள். மகள் எங்கள் பள்ளியிலேயே பத்தாம் வகுப்பு. அவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்தது நான்தான். என் வீடு லிங்கராஜபுரத்தில் இருந்ததால் அங்கேயே, இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டைப் பிடித்தேன். அந்த வீட்டுப் பால்கனிக்கு நேர் எதிரே மைதானம். அதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. நல்ல காற்று வருகிறது என்று சந்தோஷப்படுகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

அந்த மைதானத்தில் எங்கள் பகுதிப் பிள்ளைகள் கால்பந்து ஆடுவார்கள். பிள்ளைகள் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். எல்லாரும் கல்யாணம் ஆனவர்கள். பீன்யா தொழிற்பேட்டையில் லேத், பிரஸ், பெயின்ட்டிங் என்று ஷிஃப்ட் வேலை. வாரம் முழுவதும் இரண்டு பஸ் மாறிப் போய்வந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் தூங்காமல் விடியற்காலையில் பந்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். கேப்டன் பெயர் தாஸ். அவன் மனைவி ரேஷன் கடை வரிசையில் எனக்குப் பழக்கம் என்பதால் என்னை அக்கா என்று கூப்பிடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மென்சா சார் பால்கனியிலிருந்து "லெஃப்ட்! லெஃப்ட்!" என்று கத்தியிருக்கிறார். அடுத்த வாரம் கீழே இறங்கி வந்து கத்தினார். அதற்கடுத்த வாரம் விசில் வாங்கிவிட்டார். ஆறு மாதத்தில் அவருக்கு "ஓடு", "வுடு", "பாத்துடா", "இன்னாடா இது" என்று மைதானத்துக்குப் போதுமான தமிழ் வந்துவிட்டது. எப்போதும் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பும் அணி அந்த வருஷம் வட்டாரக் கோப்பையில் அரையிறுதிவரை போனது. எனக்குக் கால்பந்து பிடிக்காது. ஆனால் தெருவே சந்தோஷமாக இருந்தபோது நான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியவில்லை. பொழுதுபோக்குக்காக ஆடுகிறார், ஆடட்டும் என்று இருந்துவிட்டேன்.

அரையிறுதிக்கு முன்னால் அந்தப் பிள்ளைகளின் கிளப் சார்பில் ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். மேடை, மைக், சால்வை, எல்லாம் வழக்கம்போல. நான் ஊரில் இல்லை. இருந்திருந்தால் மேடையேறிப் பிடுங்கியிருப்பேன். ஏனென்றால் அந்தப் பிள்ளைகள் சால்வையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மென்சா சாருக்கு ஒரு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கொடுத்தார்கள். டைப் அடித்து, கிளப் ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, கேப்டன் கையெழுத்துப் போட்டு, லேமினேஷன் செய்து கொடுத்தார்கள். ஒரு உள்ளூர்ப் பத்திரிகையில் படமும் வந்துவிட்டது. சால்வை போர்த்திய மென்சா சார், கையில் அந்தத் தாள், அதன் தலைப்பு கொட்டை எழுத்தில். கீழே ஒரு வரி: "கானா நாட்டுப் பயிற்சியாளருக்குப் பணி நியமனம்."

அவருடைய விசா நீட்டிப்பு மனு அப்போது பதிவு அலுவலகத்தில் இருந்தது.

நான் வெளியூரிலிருந்து திரும்பி வந்த அன்று மதியமே போன் வந்துவிட்டது. நாளைக் காலையில் மென்சாவை அழைத்துக்கொண்டு வாருங்கள் என்று அதிகாரி சொன்னார். குரலில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. கோபப்படுகிற அதிகாரி கத்திவிட்டு விட்டுவிடுவார். இவர் கத்துகிறவர் இல்லை, நேர்மையானவர். கோலார்க்காரர். கன்னடமும் தமிழும் ஒரே வீச்சில் பேசுவார்.

பிரின்சிபால் அறைக்கு ஓடினேன். அவர் நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். படத்தைப் பார்த்துவிட்டு, "இது ஒரு நினைவுப் பரிசு. அவ்வளவுதான் சொல்லணும். வேற ஒரு வார்த்தை பேசக் கூடாது. அந்தத் தாள் அந்த அலுவலகத்துக்குள்ள போகவே கூடாது" என்றார். மார்ச்சில் பொதுத் தேர்வு. இயற்பியலுக்கு வேறு ஆள் இல்லை. மென்சா சாரின் மகளுக்கும் அதே மார்ச்சில் பத்தாம் வகுப்புத் தேர்வு. அப்பாவை அனுப்பிவிட்டால் அந்தப் பெண் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போக வேண்டும். அதை அவர் சொல்லவே வேண்டியதில்லை, எனக்கு அது மட்டும்தான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் மென்சா சார் வீட்டுக்குப் போனால், ஹாலில், டிவிக்கு மேலே, ஆணியடித்து மாட்டி வைத்திருக்கிறார். தாஸும் அங்கே இருந்தான். விஷயம் அவனுக்கும் எட்டியிருந்தது. பீன்யாவிலிருந்து யூனிஃபார்மோடு நேராக வந்திருந்தான்.

"அக்கா, நாங்க வந்து சொல்லிடறோம். இவரு யாருன்னே தெரியாதுன்னு சொல்லிடறோம். டீமே வந்து நிக்கும்."

"டீமே வந்து நின்னு, தெரியாதுன்னு சொல்லுவீங்களா? போட்டோல பக்கத்துல பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறது யாரு, உங்க மாமனாரா?"

தாஸ் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குக் கோபம் அடங்கவில்லை. "ஒரு கப்பு குடுக்கலாம், கெடியாரம் குடுக்கலாம். ஊர்ல எவனாவது ஆர்டர் குடுப்பானாடா?"

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு சொன்னான். "கப்பு எல்லாரும் தராங்கக்கா. எங்க ஃபேக்டரில கெடியாரமும் குடுத்துக்கினே இருக்கானுங்க. ஆர்டர்தான் யாருக்கும் தர்றதில்ல. நம்ம டீம்ல பதினோரு பேர்ல ஒருத்தன்கிட்டயும் ஆர்டர் கிடையாது. எல்லாம் காண்ட்ராக்ட். அதான், இருக்கிறதுலயே பெருசா எதுனா குடுக்கணும்னு யோசிச்சு குடுத்தோம்."

நான் அந்தத் தாளை ஆணியிலிருந்து எடுத்து முதன்முறையாக முழுவதும் படித்தேன். பெர்மனென்ட் ஆள் ஒருவருடைய ஆர்டரைக் கெஞ்சி வாங்கிப் பார்த்து, அதே மாதிரி எழுதியிருந்தார்கள். அதே மாதிரி என்றால் முழுக்க இல்லை. மாற்ற வேண்டியதை மாற்றியிருந்தார்கள்.

பதவி: கோச். பணியின் தன்மை: பெர்மனென்ட். ப்ரொபேஷன்: கிடையாது, முதல் நாளிலிருந்தே பெர்மனென்ட். பணியிடம்: மைதானம், மழை வந்தால் டீக்கடை. சம்பளம்: தற்போது இல்லை, கிளப் பெரிதானதும் பார்க்கலாம். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ.: உண்டு. விடுமுறை: எப்போது கேட்டாலும். பணிநீக்கம்: எக்காரணம் கொண்டும் செய்யப்பட மாட்டாது.

சிரிப்பு வந்தது, முழுசாகச் சிரிக்கவும் முடியவில்லை. மென்சா சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது வெறும் நினைவுப் பரிசு என்று நான் சொல்ல மாட்டேன், மேடம்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். "பல இடத்தில் வேலை பார்த்திருக்கிறேன். இவ்வளவு மரியாதையாக யாரும் என்னை வேலைக்கு எடுத்ததில்லை. உங்கள் ஆர்டரில்கூட ஒரு வருஷம் ப்ரொபேஷன் போட்டிருந்தீர்கள்." அந்த ஆர்டரை டைப் அடித்தது நான்தான். 

அந்தத் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான், கவனமாகக் கேளுங்கள். பத்திரிகைப் படத்தில் தலைப்பு மட்டும்தான் தெரிந்தது. தலைப்பை மட்டும் பார்த்த அதிகாரி மீதியைத் தானாக நிரப்பிக்கொள்வார். எவ்வளவு சம்பளம், எத்தனை மாதமாக, பள்ளிக்குத் தெரிந்தே நடந்ததா என்று எல்லாவற்றையும். நாங்கள் நினைவுப் பரிசு என்று சொன்னால், மறைக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்வார். தாளைக் காட்டினாலோ, "சம்பளம் பிறகு பார்க்கலாம்" என்ற வரியும் பி.எஃப். என்ற வரியும் கழுத்தை நெரிக்கும். எப்படிப் பார்த்தாலும் ஆபத்துதான். அந்த அதிகாரியை எனக்குத் தெரியும். பாதி தெரிந்த விஷயத்தில் அவர் ஒருபோதும் இளகியதில்லை. முழுவதும் தெரிந்த விஷயத்தில் சில முறை இளகியதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சில முறையை நம்பித்தான் முடிவெடுத்தேன். தாஸையும் அரை நாள் லீவு போடச் சொன்னேன். பிரின்சிபாலிடம் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார். பத்திரிகையை எடுத்து மேசையில் விரித்தார். "இதுல இருக்கிறது நீங்கதானே?"

"ஆமாம்," என்றார் மென்சா சார்.

"கையில ஏனு இது, என்ன தாள்?"

நினைவுப் பரிசு என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.  கைப்பையைத் திறந்து லேமினேஷன் செய்த அந்தத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இதுதான் சார். தயவுசெஞ்சு முழுசாப் படிங்க. எழுதினவரும் வந்திருக்காரு."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இத்தனை வருஷத்தில் கேட்காத காகிதத்தை நான் நீட்டியதே இல்லை என்பது அவருக்கும் தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மழை வந்தால் டீக்கடை என்ற இடத்தில் உதடு லேசாக அசைந்தது. சம்பள வரியில் நின்றது. பேனாவால் அதைத் தட்டினார். பி.எஃப். வரியிலும் தட்டினார். 

"யாருப்பா இதை எழுதினது?"

தாஸ் முன்னால் வந்தான். "நான்தான் சார்."

"சம்பளம் பின்னால தர்றதா எழுதியிருக்கே. பி.எஃப். எல்லாம் போட்டிருக்கே. உங்க கிளப்புக்கு பி.எஃப். நம்பர் இருக்கா?"

"கிளப்புக்கு ரூமே இல்ல சார். பந்து எங்க வூட்லதான் இருக்குது."

"அப்புறம் எதுக்குப் போட்டே?"

"ஆர்டர்னா அது இருக்கணும் சார். அது இல்லாத ஆர்டர், நல்ல ஆர்டர் இல்ல."

"உங்க ஃபேக்டரியில உனக்கு பி.எஃப். இருக்கா?"

"இல்ல சார். காண்ட்ராக்ட் சார். ஏழு வருசமா."

அதிகாரி மீண்டும் தாளை எடுத்து முதலிலிருந்து படித்தார். இந்த முறை மெதுவாகப் படித்தார்.  மென்சா சார் கைகளைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் மனசுக்குள் அவர் மகளின் தேர்வுப் பாடங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவர் தாளைக் கீழே வைத்தார். "மேடம், பணம் கை மாறலைன்னு எனக்குப் புரியுது. ஆனா ரூல் ரூல்தான். இது வேலை நியமனம். அனுமதி இல்லாம வேலை நியமனம் ஃபைல்ல இருந்தா நான் நீட்டிப்புக் கொடுக்க முடியாது. ஒண்ணு பண்ணுங்க. கிளப் இந்த ஆர்டரை ரத்து பண்ணி எழுதிக் கொடுக்கட்டும். பள்ளிக்கூடம் ஆட்சேபணை இல்லைன்னு கொடுக்கட்டும். சம்பளமில்லாத கௌரவப் பயிற்சிக்குத் தனியா அனுமதி கேளுங்க. அனுமதி வர்ற வரைக்கும் இவர் மைதானத்துல கால் வைக்கக் கூடாது. கோட்டுக்கு வெளியே நின்னும் கத்தக் கூடாது."

எனக்கு உயிர் வந்தது. எழுதலாம் என்று தாஸிடம் பேனாவை நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"முடியாது சார்."

"ஏனப்பா?"

"எக்காரணம் கொண்டும் நீக்க மாட்டோம்னு ஆர்டர்லயே போட்டுட்டோமே சார். சைன் பண்ணியிருக்கேன். நாங்க எப்படி சார் நீக்கறது?"

அவனை அங்கேயே ஒரு அறை விடலாமா என்று தோன்றியது எனக்கு. கரை ஏறுகிற நேரத்தில் காலைப் பிடித்து இழுக்கிறானே! ஆனால் அவன் விளையாடவில்லை. கண் கலங்கியிருந்தது. "எங்கள அப்டித்தான் சார் அனுப்புவாங்க. காலைல போனா கேட்ல லிஸ்ட்ல பேர் இருக்காது. இவருக்கு நான் அப்டி எழுத மாட்டேன்."

நான் இதை ஆங்கிலத்தில் மென்சா சாருக்குச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு என் கையிலிருந்த பேனாவை வாங்கினார். "அவர்கள் நீக்க முடியாது. நான் ராஜினாமா செய்யலாம் அல்லவா?"

அதிகாரி முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். "ஆகுத்தே, ஆகுத்தே. செய்யலாம், செய்யலாம்," என்றார். மென்சா சார் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன் அடியில், வருத்தத்துடன் ஏற்றுக்கொள்கிறோம் என்று தாஸ் எழுதினான். லேமினேஷன் தாளை ஃபைலில் வைத்துக்கொள்ள வேண்டாமா என்று நான் கேட்டேன். அதிகாரி ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஒரிஜினலைத் தாஸிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்ததும் பிரின்சிபாலுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். நல்ல பாட்டு விழுந்தது. வாங்கிக்கொண்டேன். நீட்டிப்பு கையில் வந்த பிறகு அவரே என்னைக் கூப்பிட்டுக் காபி வாங்கிக் கொடுத்தார்.

எல்லாம் இனிப்பாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். அனுமதி வருவதற்குள் அரையிறுதி வந்துவிட்டது, அதுவும் எங்கள் மைதானத்திலேயே. மென்சா சார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பால்கனியில் உட்கார்ந்து, வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு ஆட்டம் பார்த்தார். நானும் அன்று போயிருந்தேன். நம் ஆட்கள் இடப்பக்கத்தைத் திறந்துவிட்ட ஒவ்வொரு முறையும் அவர் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். கீழே ஆடியவர்களும் ஒவ்வொரு முறை பந்து வெளியே போனபோதும் மேலே பால்கனியைத்தான் பார்த்தார்கள். தோற்றார்கள். சட்டப்படி நடந்துகொண்டால் இப்படியும் சில நேரம் விலை கொடுக்க வேண்டியிருக்கும். உங்களிடம் வருகிறவர்களுக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏமாற்றாதீர்கள்.

அந்தப் பெண் தேர்வு எழுதினாள். நன்றாகவே எழுதினாள். கோடை விடுமுறையில் அனுமதியும் வந்தது. கௌரவப் பயிற்சியாளர், சம்பளம் இல்லை, ஞாயிறு மட்டும். அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது, "அப்டீன்னா புது ஆர்டர் ஒண்ணு..." என்று தாஸ் ஆரம்பித்தான். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். மென்சா சார் இன்னும் சில வருஷம் இங்கே இருந்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்.

ஒரு வாக்கியத்தை மீறியதால் எல்லா வாக்கியத்தையும் மீறலாம் என்று நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அதே சமயம் எதிரில் உட்கார்ந்திருப்பவர் யார், அவருக்கு எவ்வளவு தெரியும், உங்கள் காகிதம் முழுவதும் படித்தால் என்ன சொல்லும் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் உங்களுக்குச் சம்பளம். படிவம் நிரப்ப இப்போது கம்ப்யூட்டரே போதும்.

மென்சா சார் ஊருக்குப் போன மறுவருஷம் ஒரு சாயங்காலம் தாஸ் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். பின்னால் அவன் மனைவி, கையில் ஸ்வீட் பாக்ஸ். வேறு ஃபேக்டரி மாறியிருந்தான். அங்கே அவனை வேலைக்கு எடுத்திருந்தார்கள், ஆர்டரோடு. லேமினேஷன் செய்து கொண்டுவந்திருந்தான். எனக்கு லேமினேஷன் என்றாலே இப்போதும் கொஞ்சம் பயம்தான். வாங்கிப் படித்தேன். சம்பளம் இருந்தது. பி.எஃப். இருந்தது. ஈ.எஸ்.ஐ. இருந்தது. "நல்ல ஆர்டர்டா," என்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனாலும் ஒரு வரியில் விரலை வைத்துக் காட்டினான்.

"எல்லாம் கரெக்டா இருக்குதுக்கா. இதுதான், ஒரு வருசம் ப்ரொபேஷன் போட்டிருக்கானுங்க. நம்ம கோச்சுக்கு நாங்க அதுகூடப் போடல."